வளவுக்காரர்களின் கைகள்

ஒரு புதன்கிழமை சாயங்காலம், குழாயில் தண்ணீர் நின்றுபோய்க் குடங்களை எல்லாரும் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பாளையங்கோட்டை செவந்தி வளவில் குடியிருந்த அத்தனை பேருடைய கைகளும் தோளிலிருந்து விரல்நுனிவரை விறைத்துக்கொண்டன; ஏதோ ஒரு கனத்தைத் தூக்கப் பார்த்தன, தூக்க முடியாமல் நடுங்கின, பிறகு விட்டுவிட்டன. இட்லிக் கடை இசக்கியம்மாளின் கையிலிருந்த கரண்டி மாவுக்குள் முழுகிப் போனது. வளவு வாசலில் சலூன் வைத்திருந்த முத்துராசு, ஒருவரின் தாடையில் வைத்திருந்த கத்தியைச் சட்டென்று எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்பதைப் போலச் சிரித்தார். தொட்டிலில் கிடந்த பிள்ளைகூட இரண்டு முஷ்டிகளையும் மூடிக்கொண்டு ஒரு முக்கு முக்கியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே விறைப்பு, அதே நடுக்கம், அதே விட்டுவிடுதல்.

யாரும் டாக்டரிடம் போகவில்லை. அது பெர்சிஸ் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எதிரெதிரே இரண்டு வரிசை வீடுகளும், நடுவில் ஒரு நடையும், ஒரு குழாயும், ஒரே ஒரு வாசலுமாக இருந்த அந்த வளவில், ஒருத்தர் இருமினால் யார் இருமுகிறார் என்று யாரும் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. அந்தக் கனம் கைக்குள் வந்த விதம் அப்படி. கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று வெளியில் நின்று யோசித்து, தட்டாமலே திரும்பிப் போகப் பார்த்து, பிறகு வேறு வழியில்லாமல் மெல்லத் தட்டுவதைப் போல வந்தது. வளவில் அப்படி வருகிறவள் ஒருத்திதான்.

பெர்சிஸ் கணிதத்தில் பட்டம் வாங்கியவள். குனிந்து நடப்பாள், குனிந்து நடந்தாலும் எல்லாவற்றையும் பார்த்துவிடுவாள். அப்படி ஒருநாள் விளையாட்டு அரங்கத்தின் பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான் அந்த இரட்டைக் கம்பி, ஒன்று தாழ்வாகவும் ஒன்று உயரமாகவும். பள்ளிக்கூடத்துச் சிறுபிள்ளைகள் உயரக் கம்பியில் கை நீட்டித் தொங்கினார்கள். ஆடாமல், குதிக்காமல், கையின் பலத்தால் மட்டும் தங்களை மேலே இழுத்தார்கள். மோவாய் கம்பியைத் தாண்டியதும் காலைத் தூக்கி இடுப்பைக் கம்பிக்கு மேல் போட்டு ஒரு உருளல், அவ்வளவுதான், கம்பிக்கு மேலே கையூன்றி நிமிர்ந்து இருந்தார்கள். தன்னைத் தானே தூக்கி வைத்துக்கொள்ள முடியும் என்பது பெர்சிஸுக்கு அதுவரை தெரியாது. பயிற்சி கொடுக்கிற ஸ்டெல்லா மேடத்திடம் போய், அவர் இரண்டு தடவை "என்ன, சத்தமா சொல்லு" என்று கேட்கும் குரலில், தனக்கும் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டாள். வீட்டில் நூலகத்துக்குப் போவதாகச் சொன்னாள். கம்பியில் தொங்கிய முதல் நாளே வளவு முழுக்கத் தெரிந்துபோனது.

அன்று அவள் திரும்பி வந்தபோது இசக்கியம்மாள் வாசலிலேயே நின்றாள்.

"ஏ பெர்சி, எதுல தொங்குன?"

பெர்சிஸ் செருப்பைப் பார்த்தாள்.

"மரத்துலயா?"

"கம்பில, அத்தை."

"அதான பாத்தேன். மரம்னா சொரசொரன்னு இருக்கும். இது வழவழன்னுல்லா இருந்துச்சு."

அவளுடைய அம்மா ரெத்தினபாய் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பெர்சிஸ் படியேறி உள்ளே வந்ததும் சோற்றை வைத்துவிட்டு, தன் இடது தோளைத் தேய்த்துக்கொண்டே, "நூலகத்துல புஸ்தகம் ரொம்ப கனமோ?" என்று மட்டும் கேட்டாள். பெர்சிஸ் தட்டைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அதன் பிறகு வளவு அதற்கு ஏற்றபடி தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டது. ஐந்து மணியானால் இசக்கியம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டுத் தூரப் போய் உட்கார்ந்துகொள்வாள். முத்துராசு கத்தியை மடக்கி வைத்துவிட்டு, முகத்தில் சோப்பு நுரையோடு இருக்கிறவரிடம் பேப்பரைக் கொடுத்து, "ஒரு பத்து நிமிசம் அண்ணாச்சி, நம்ம பிள்ள கம்பி ஏறுது" என்பார். கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டுவிடுவார்கள். தையல் மெஷின் நிற்கும். எல்லாரும் அவரவர் வாசற்படியில் உள்ளங்கைகளை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். தெருவில் போகிறவர்கள் இது ஏதோ புது சபையின் ஜெபக்கூட்டம் என்று நினைத்து, நடையைத் தணித்துப் போனார்கள். காலி வீடு பார்க்க வந்தவர்களிடம் தரகர், "தண்ணி ரெண்டு நேரம் வரும், காத்தோட்டம் உண்டு, அஞ்சு மணிக்குக் கை இழுக்கும்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல, வந்தவர்கள் காற்றோட்டத்தைப் பற்றித்தான் மேற்கொண்டு விசாரித்தார்கள். வளவில் குடிவந்து சாமான் இறக்கியவர்களுக்கு அன்றைக்கே கை இழுத்தது. காலி செய்துபோனவர்களுக்கு நின்றுபோனது. விருந்துக்கு வந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை, அவர்கள் பாவம் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

நாளாக ஆகப் பெண்களின் புஜங்கள் திரண்டன. திறக்க முடியாத ஊறுகாய் பாட்டில் என்று ஒன்று வளவில் இல்லாமல் போனது. கேஸ் சிலிண்டரை இசக்கியம்மாளே தோளில் வைத்துக்கொண்டு வந்தாள். எல்லாருக்கும் கை பலத்தது, பெர்சிஸ் ஒருத்தியால் மட்டும் கம்பிக்கு மேல் ஏற முடியவில்லை.

இதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. தோற்பதை ஒளித்து வைக்க ஒரு இடம் எல்லாருக்கும் இருக்கிறது; அவளுக்கு இல்லை. அரங்கத்தில் யாரும் பார்க்காத மூலைக் கம்பியாகப் பார்த்து, சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு தொங்கினாலும், அவள் எந்த இடத்தில் நடுங்கினாள், எந்த இடத்தில் மனசு விட்டுப்போனது, எப்போது வலியால் விட்டாள், எப்போது வலிக்கும் முன்பே பயந்து விட்டாள் என்பது வரை வளவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒருநாள் ஆற்றாமையில், யாருக்கும் தெரியாது என்று தரையைக் காலால் உந்தி எம்பிப் பார்த்தாள். சாயங்காலம் முத்துராசு சீப்பைத் தட்டிக்கொண்டே, "இன்னைக்கு ஒருதரம் லேசா வந்துச்சே பாப்பா, காலை உந்துனியோ?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது. அவள் காது மடல் இரண்டும் சுட, நடையின் சுவரோரமாகவே போய் வீட்டுக்குள் நுழைந்துகொண்டாள்.

நிறுத்திவிடலாம் என்று இரண்டு நாள் போகாமல் இருந்தாள். மூன்றாம் நாள் வாசலில் கூட்டமே கூடிவிட்டது.

"கை சும்மா கிடக்கு பெர்சி, உடம்புக்கு முடியலையா?"

"நான் விட்டுரலாம்னு இருக்கேன், அத்தை."

"விட்டுருதியா? அப்ப எங்க கை?" என்றாள் இசக்கியம்மாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்வதைப் போல, "எனக்கே ஒரு தடவ அந்தக் கம்பிக்கு மேல போயி அங்க என்ன இருக்குன்னு பாக்கணும் போல இருக்கு, ஏளா. நீ பாதியில பாதியில இறக்கி விட்டுருத" என்றாள்.

பெர்சிஸ் மறுநாள் போனாள்.

ஸ்டெல்லா மேடம்தான் விண்ணப்பம் போடச் சொன்னார். வேறொரு ஊரில் ஒரு உடற்கல்விக் கல்லூரி. ஓட்டமும் தாண்டலும் அவளுக்கு வந்தன, மதிப்பெண் இருந்தது, கம்பி ஒன்றுதான் பாக்கி. சேர்க்கைத் தேர்வில் அதற்கு மூன்று வாய்ப்பு கொடுப்பார்கள், ஒன்றில் ஏறினால் போதும். விடியற்காலை பஸ்ஸில் மேடத்தோடு புறப்பட்டபோது வளவே வாசலுக்கு வந்து நின்றது. ரெத்தினபாய் கூடப் போகவில்லை. "நான் இங்க இருந்தாத்தான் எனக்குத் தெரியும்" என்று தன் கைகளைப் பார்த்தபடி சொன்னாள்.

அன்று சலூன் திறக்கவில்லை, இட்லிக் கடையும் இல்லை. எல்லாரும் வாசற்படிகளில் மடியில் கையை மலர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணிக்கு மேல் முதல் இழுப்பு வந்தது. பாதிவரை வந்து நடுங்கி, விட்டது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இரண்டாவது இழுப்பு அந்தப் பாதிக்குக்கூட வரவில்லை. அதில் பலத்தைவிடக் கண்ணீர்தான் அதிகம் என்று ரெத்தினபாய்க்குத் தெரிந்தது, அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் முத்துராசு எழுந்தார்.

"என்ன இப்படி பாத்துக்கிட்டே உக்காந்திருக்கோம்? நமக்குக் கை இல்லையா? எதையாவது புடிங்க எல்லாரும்!"

அவ்வளவு நாளும் யாருக்கும் தோன்றாதது அது. அவர்கள் இதுவரை வாங்கிக்கொள்ள மட்டும்தான் செய்திருந்தார்கள். முத்துராசு எட்டிக் குதித்து வாசல் நிலையின் மேல்கட்டையைப் பிடித்தார். இசக்கியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். ஊஞ்சல் சங்கிலி, மாடிப்படியின் கைப்பிடி, ஆட்டோவின் மேல்கம்பி, துணி காயப்போடும் குழாய் என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் பிடித்துக்கொண்டார்கள். ரெத்தினபாய் வளவின் பின்பக்கத்துப் பழைய கிணற்றடிக் குறுக்குக் கம்பியில் தொங்கினாள். அவள் பாதங்கள் தரையைவிட்டு எழும்பின. மூன்றாவது இழுப்பு லேசாக, மிக லேசாக, கதவருகே வந்து நின்றதுமே வளவு மொத்தமும் மூச்சைப் பிடித்து இழுத்தது.

அங்கே, அந்தத் தூரத்து ஊரின் அரங்கத்தில், பெர்சிஸ் கம்பியைப் பிடித்ததோடு சரி, இழுக்கக்கூட இல்லை. கிணற்றிலிருந்து வாளி வருவதைப் போல மேலே போனாள். இடுப்பு தானாகக் கம்பியைத் தாண்டியது, கால் தானாகச் சுற்றியது, கை தானாக நிமிர்ந்தது, கம்பிக்கு மேலே இருந்தாள். ஒரு வியர்வை இல்லை. தேர்வு நடத்திய பெண்மணி பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார். "இவ்வளவு லேசா பண்ற பொண்ணு, முதல்ல ரெண்டு தடவை ஏன் விளையாட்டு காட்டினே? காலேஜ் திறந்ததும் முதல் நாள் நீதான் எல்லாருக்கும் செஞ்சு காட்டணும்" என்றார். வரிசையில் அடுத்து நின்ற பெண், ரத்தம் கசிந்த தன் உள்ளங்கைகளை ஊதிக்கொண்டே அண்ணாந்து பெர்சிஸைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த மரியாதையைப் பெர்சிஸால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

ஏனென்றால் அவள் கைக்குள் அவள் இல்லை. கரண்டி பிடித்துக் காய்ந்த இசக்கியம்மாளின் பெருவிரல் இருந்தது. முத்துராசுவின் சோப்பு ஈரம் இருந்தது. தையல்காரரின் ஊசி குத்திய நுனி இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், துணி துவைத்து வெளுத்துச் சுருங்கிய அம்மாவின் உள்ளங்கை இருந்தது. கம்பிக்கு மேலே அவளைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு அத்தனை பேரும் அங்கே சந்தோஷமாக இருந்தார்கள். அவள் மட்டும், அழையாத வீட்டுக்குள் வந்துவிட்டவளைப் போல, சீக்கிரம் இறங்கிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

திரும்பி வந்தபோது வளவு வாசலில் வெடி போட்டார்கள். அவள் புகைப்படத்தோடு ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். பட்டம் படித்த கல்லூரியின் அடையாள அட்டைக்கு எடுத்த படம், கண் பாதி மூடியிருந்தது.

"ஏறிட்டோம்லா!" என்றாள் இசக்கியம்மாள், அவள் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளி. "அம்மாடி, மேல போனதும் எப்படி இருந்துச்சு தெரியுமா! உச்சந்தலைல காத்து அடிச்சுது எனக்கு."

முத்துராசு எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். "காலேஜ்ல காலைல ஆறு மணிக்குப் பயிற்சியாம், மேடம் சொன்னாங்க. நம்மள்ல காலைல ஒரு செட்டு இழுக்கட்டும், சாயங்காலம் ஒரு செட்டு. நான் காலை செட்டு. ஞாயித்துக்கிழமை லீவுதான பாப்பா?"

"மாமா," என்றாள் பெர்சிஸ். "அது நான் இல்ல."

"நீ இல்லாம? படம் உன் படம்தான் போட்டுருக்கு."

"நீங்க எல்லாரும் இழுத்தீங்க."

"இழுத்தா என்ன? கல்யாண வீட்டுல பந்திக்கு ஒத்தாசை பண்ணுதோம். அதுக்காக மாப்பிள்ளை, இது என் கல்யாணம் இல்லைன்னா சொல்லுதான்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். லட்டு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குள் போய் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் ஒரு வாரம் கம்பியின் பக்கம் போகவில்லை. போனால் வளவு பிடித்துக்கொள்ளும். கல்லூரியில் முதல் நாள், அந்தப் பெண்மணி கைகாட்ட, எல்லாரும் சுற்றி நிற்க, முத்துராசு மாமா காலை செட்டுக்கு வந்து நிலைக்கட்டையைப் பிடித்திருந்தால் ஏறுவாள். அவருக்குக் காய்ச்சல் என்றால் தொங்குவாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு முதுகில் வெயில் அடிப்பதைப் போல இருந்தது. ஏறாமல் இருந்த நாட்களில் பட்ட வெட்கத்தை அவளால் சுமக்க முடிந்தது. ஏறிவிட்ட இந்த வெட்கத்தை அவளால் சுமக்க முடியவில்லை. கல்லூரி திறப்பதற்குள் ஒரு தடவையாவது அவள் கையால் ஏற வேண்டும். இல்லையென்றால் அவள் போகக் கூடாது.

ஒருநாள் சாயங்காலம், எல்லாரும் குழாயடியில் இருக்கும்போது வந்து நின்றாள். பேச ஆரம்பித்தாள், சத்தம் வரவில்லை. இன்னொரு முறை ஆரம்பித்தாள்.

"நாளைக்கு நான் கம்பிக்குப் போறேன். யாரும் எதையும் பிடிக்காதீங்க."

குடம் வழிந்தது. யாரும் குழாயை அடைக்கவில்லை.

"ஏன், எங்க கை அழுக்கா?" என்றாள் இசக்கியம்மாள்.

"அப்படி இல்ல, அத்தை."

"சீட்டு கிடைச்சிட்டுல்லா. இனி எதுக்கு நாங்க?"

முத்துராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சலூனுக்குள் போய்விட்டார், அதுதான் எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கேட்டது. வீட்டுக்குள் ரெத்தினபாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "இனி நான் இவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? அப்படி என்ன தப்பு செஞ்சிட்டாங்க? தூக்கித்தான விட்டாங்க?" என்றாள். பெர்சிஸ் அம்மாவின் கையை எடுத்துப் பார்த்தாள். கிணற்றுக் கம்பியில் தொங்கியதில் உரிந்த தோல் இன்னும் ஆறவில்லை. அதில் எண்ணெய் தடவினாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு அவள் அரங்கத்துக்குள் நுழைந்தபோது, பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. இசக்கியம்மாள் முன்னால் வர, வளவு மொத்தமும் வந்துகொண்டிருந்தது.

"பிடிக்கக் கூடாதுன்னுதான சொன்ன? பாக்கக் கூடாதுன்னு சொல்லலியே" என்றாள் இசக்கியம்மாள். கோபம் தீரவில்லை. "கையைக் கட்டிக்கிட்டு நிக்கோம். நீ ஏறு."

அப்போதுதான் பெர்சிஸுக்கு உறைத்தது, இவர்கள் யாருமே இதை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. ஐந்து மணிக்கு எல்லாரும் வாசற்படியில் அல்லவா இருந்தார்கள். கைக்குத் தெரிந்ததெல்லாம் இனி கண்ணுக்கும் தெரியும். அவள் பனியன் மேலே ஏறி வயிறு தெரியும். கால்சட்டை தொடையில் இறுகும். முக்கும்போது அவள் முகம் எப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியும், ஒரு தடவை எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் பார்த்துவிட்டு அன்றோடு அந்தப் பக்கம் திரும்பித் தொங்குவதையே விட்டுவிட்டவள் அவள். ஓடிவிடலாம் என்றிருந்தது. ஓடினால் அவர்கள் வழியாகத்தான் ஓட வேண்டும்.

கை வழுக்காதிருக்க வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டு, கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். இழுத்தாள்.

வளவுக்காரர்களின் தோள்கள் விறைத்தன. அக்குளுக்குள் கைகளைச் சொருகிக்கொண்டு நின்றார்கள். முத்துராசு தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தொட்டிலிலிருந்து தூக்கி வந்த பிள்ளையின் முஷ்டிகளை அதன் அம்மா விரித்து விரித்துவிட்டாள். எதிரில் இருக்கிற கம்பியில் ஒரு பெண் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு, அதே நடுக்கம் தன் கையில் ஓடும்போது கையைச் சும்மா வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. இசக்கியம்மாளின் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்கக் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். பனியன் ஏறிற்று. வயிறு தெரிந்தது. முகம் கோணி, பல் தெரிந்து, கழுத்து நரம்பு புடைத்தது. மோவாய் கம்பிக்கு வந்தது.

அந்த இடத்தில், குழாயில் தண்ணீர் நிற்பதைப் போல, எல்லாருடைய கையிலும் அந்த இழுப்பு நின்றுபோனது.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கை அவரவர் கையாக இருந்தது. கம்பியில் பெர்சிஸ் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தாள். நெஞ்சைக் கம்பியோடு சேர்த்தாள், காலைத் தூக்கினாள், தொடை கம்பியில் உரசியது, இடுப்பு அருகே வந்தது, ஒரு விரல் அகலம் வந்திருந்தால் போதும், அங்கே நின்று நடுங்கினாள், பிறகு வழுக்கிக் கீழே மெத்தையில் விழுந்தாள். தொம்மென்று சத்தம் கேட்டது. யாருடைய தோளிலும் ஒன்றும் விழவில்லை.

கண்ணால் மட்டும் பார்த்ததை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ரெத்தினபாய்தான், தன் வெறும் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏறிட்டியா, மக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

அவளுக்குக் காதுவரை சுட்டது. தரையைப் பார்த்தாள். வயிற்றுக்கு மேல் சுருண்டுகிடந்த பனியனை இழுத்துவிட்டாள். இத்தனை பேர் நிற்கிற அந்த அரங்கத்தில் அந்த வெட்கத்தில் ஒரு பொட்டுகூட யாரிடமும் போகாமல், முழுசாக அவளிடமே இருந்தது. அதன் கனம் எவ்வளவு என்று அவளுக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. தூக்கிப் பார்க்கலாம் போலத்தான் இருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். உள்ளங்கையில் பொடியைத் தேய்த்துக்கொண்டு, கம்பியை மறுபடியும் பிடித்தாள்.